தெச்சிக்கு நாலு இதழ்

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். டைல்ஸ் ஒட்டினேன், லாரியில் கிளீனராகப் போனேன். கோவாவில் ஓட்டல் பாத்திரம் கழுவியபோது, அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஜியோகேச்சிங் விளையாட்டைச் சொல்லித்தந்தார். ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் புதிராகப் போடவேண்டும். விடை கண்டவர்கள் ஃபோன் மேப்பைப் பார்த்துத் தேடி வருவார்கள்.

அப்பா பேரில் ஒன்று வைக்க ஆசைப்பட்டேன். குழித்துறைப் பக்கம் எங்கள் வீட்டைச் சுற்றி அவர் வளர்த்ததெல்லாம் பூச்செடிகள். விற்க அல்ல. சனிக்கிழமை சாயங்காலம் பறித்துக்கொண்டுபோய் சர்ச் ஆல்டரில் வைப்பார். அந்தப் பூக்களின் இதழ்களை எண்ணினால் இடத்தின் எண்கள் கிடைக்கும்படி புதிர் போட்டேன். போன கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்தபோது, வீட்டுக்குப் போகுமுன்பே சிதறால் மலைப் பாதையோரம் ஒரு பாறை இடுக்கில் டப்பாவை வைத்தேன். சின்ன வயதில் அப்பா என்னைத் தோளில் சுமந்து ஏறிய மலை.

வீட்டில் பையைக்கூட இறக்காமல் அக்காவிடம் ஃபோனை நீட்டினேன். அவள் புதிரை வாசித்துவிட்டு, பூக்களைப் பறித்துவந்து நாற்காலியில் இருந்த அப்பாவின் மடியில் போட்டாள்.

“தெச்சிக்கு நாலு. செம்பருத்திக்கு அஞ்சு. போடு மக்கா, போடு.” அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மேப் திறந்ததும் அக்கா நிமிர்ந்தாள். “ஏலே, இது சிதறால் மலையில்லா?”

“ஆமா. அப்பாவும் வரட்டும், போய் எடுப்போம்.”

“வாதம் வந்து அப்பாக்க வலது காலு அசையாமக் கெடக்கு. ஃபோன்ல சொன்னேம்லா? சரி சரின்னு வச்சிட்ட.”

சொல்லியிருந்தாள். பஸ் சத்தத்தில் கேட்டதாக ஞாபகம். என் மனசில் அப்பா அதற்குப் பிறகும் மலை ஏறிக்கொண்டுதான் இருந்தார்.

“டப்பாவ வேற எடத்துல வைக்கேன்ப்பா,” என்றேன்.

“அப்ப பூவ மாத்தணுமே. அங்கேயே கெடக்கட்டும்.”

மறுநாள் காலையில் அப்பா ஆட்டோவில் மலையடிவாரம் வரை வந்தார். டப்பாவில் போடச்சொல்லி காசித்தும்பை விதைப் பொட்டலம் ஒன்றைத் தந்தார். நான் மட்டும் ஏறினேன். போட்டு மூடிவிட்டுப் பார்த்தால், கீழே ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி வேறொரு பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்பா!” என்று கத்திக் கையை ஆட்டினேன்.

அவரும் கையை ஆட்டினார், அந்தப் பாறையைப் பார்த்து.