வலது துடுப்பின் சாய்வு

வேலப்பன் நேராகத்தான் துடுப்புப் போட்டான். படகுதான் சொன்ன பேச்சைக் கேட்காமல் வலக்கைப் பக்கமாகவே திரும்பித் திரும்பிப் போனது. ரிங்லெட் அணை ஏரியில் மிதந்து வரும் குப்பையை வாரிக் கரை சேர்ப்பது அவன் வேலை. மலையில் ஒரு மழை பெய்தால் போதும், அழுகிய முட்டைக்கோசு, உரச்சாக்கு, மூங்கில் என்று ஊர்க் குப்பை முழுவதும் ஏரிக்கு விருந்தாட வந்துவிடும்.

இராசம்மா இருந்தவரை படகு இப்படி அடம்பிடித்ததில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள், கொன்ட்ரெக்டர் ஆள் கேட்டபோது புருஷனோடு படகில் ஏறினாள். ஒரே பலகையில் அவன் வலது துடுப்பு, அவள் இடது துடுப்பு. எழுபதுகள் முழுக்க இருவரும் அப்படித்தான் அந்த ஏரியில் உழன்றார்கள். "எங்க ரெண்டு பேர் கையும் ஒரே கை லா" என்று லயத்துப் பெண்களிடம் பீற்றிக்கொள்வாள்.

காய்ச்சல் என்று தாப்பா ஆஸ்பத்திரிக்கு இறங்கிப் போனவள் திரும்பி வரவில்லை. பிள்ளை குட்டியும் இல்லை. வீட்டில் வேலப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. படகில்தான் கொஞ்சம் மூச்சு வந்தது. அங்கேயும் இப்போது பலகையின் நடுவில் உட்கார்ந்து இரண்டு துடுப்பையும் அவனே பிடிக்க வேண்டியிருந்தது.

கொன்ட்ரெக்டர் ஒருநாள் கரையில் நின்று பார்த்தார். "வேலப்பா, ஒன் வலது கை போயிருச்சு. அடுத்த மாசம் ஸ்டோருக்கு ஜாகா வேலைக்கு வந்துரு. படகுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

அவளோடு வாழ்ந்த இடம் அந்தப் படகு ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டு ஸ்டோர் வாசலில் காவல் காப்பதா? நேரே கார்த்திகேசுவிடம் போனான். ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்து அணையில் நீர்மட்டம் பார்க்கும் டெக்னீசியன் அவர். அவரும் தனிக்கட்டை. பேச ஆள் கிடைத்ததே என்று படகு ஏன் திரும்புகிறது என்று கண்டுபிடிக்க முழு ஞாயிற்றுக்கிழமையையும் எடுத்து வைத்தார்.

தோட்டத்துக் கிராணியிடம் கொழுந்து நிறுக்கும் கொக்கித் தராசுகள் இரண்டை இரவல் வாங்கி வந்தார். முதலில் தராசைக் கரைத்தூணில் மாட்டி, ஒவ்வொரு கையாலும் இழுக்கச் சொன்னார். முள் இரண்டு தடவையும் ஒரே இடத்தில் நின்றது. பிறகு படகின் பின்மூலைகள் இரண்டையும் கயிற்றால் கரையோடு கட்டி, நடுவே கயிற்றுக்கொரு தராசு கோத்து, துடுப்புப் போடச் சொன்னார். இடப்பக்கத் தராசு நன்றாக இறங்கியது. வலப்பக்கத்தது பாதிதான் இறங்கியது.

"கையில பலம் அப்படியே இருக்குண்ணே. துடுப்போட நுனியிலதான் வீணாப் போகுது. தண்ணியை அது தள்ளல, சும்மா வழுக்கிக்கிட்டுப் போகுது." கார்த்திகேசு கரையோரம் குந்தி உட்கார்ந்து உற்றுப் பார்த்தார். "வலது மணிக்கட்டைச் சாய்க்கறீங்களே, ஏன்?"

வேலப்பன் குனிந்து தன் கையைப் பார்த்தான்.

படகேறிய முதல் வாரம் நினைவுக்கு வந்தது. அவன் பலத்துக்கு அவளால் ஈடுகொடுக்க முடியாமல் படகு அவள் பக்கமாகவே சுற்றியது. அவன் மெதுவாக இழுத்தபோது அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பொம்பளைன்னு எனக்காக யாரும் மெதுவா இழுக்க வேணாம்." அதன்பிறகு அவன் மூச்சு வாங்க வாங்க இழுத்தான், மணிக்கட்டை மட்டும் கள்ளத்தனமாகச் சாய்த்து, பலத்தில் பாதியைத் தண்ணீருக்குள் சிந்தவிட்டான். படகு நேராகப் போனது. அவளும் கடைசிவரை ஒரே கை என்றே நம்பினாள். அவள் போன பிறகும் அந்தக் கை அவளுக்காகச் சாய்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

மறுநாள் கொன்ட்ரெக்டர் கரையில் நின்றார். வேலப்பன் மணிக்கட்டை நிமிர்த்திப் பிடித்தான். அது வலித்தது. படகு கோடு கிழித்தாற்போல அணைச்சுவர் வரை போனது.

"சரியாத்தானே போகுது. நீயே ஓட்டு" என்று கத்திச் சொல்லிவிட்டு அவர் லோரியில் ஏறினார்.

கேட்டது கிடைத்துவிட்டது. வேலப்பன் துடுப்புகளை மடியில் போட்டுக்கொண்டு அழுதான். இத்தனை நாளும் அவள் பாதி இழுத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. இன்றைக்குத்தான் அவன் தனியாக ஓட்டியிருக்கிறான்.