ஈசானிய மூலைப் பள்ளியறை

திருமார்பில் திருமகளைத் தாங்கி ஏழுமலைமேல் நின்றருளும் வேங்கடவன் திருவடிகளே துணை. திருச்சானூரில் தாயார் அவதரித்த கார்த்திகை வளர்பிறைப் பஞ்சமியாகிய இந்நன்னாளில் எங்கள் இல்லத்துச் செய்தியொன்றை எழுதத் தொடங்குகிறேன். இல்லறச் செய்தியாதலால் சற்றுக் கூச்சத்தோடும், அதைவிடச் சற்று மிகுதியான சிரிப்போடும் எழுதுகிறேன்.

சித்தூரில் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றபின், நானும் என் இல்லாளும் திருப்பதியில் மகன் வாங்கிய அடுக்கக வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். படுக்கையறைகள் இரண்டு. வீட்டின் வடகிழக்காகிய ஈசானிய மூலை பெரிய அறைக்குள் அமைந்துவிட்டது. பெரிய அறை புதுமணத் தம்பதியருக்கே உரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. பெருமாள் ஈசானியத்திலேதான் எழுந்தருள வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. ஆகவே இரு சாராரையும் ஒரே அறையில் குடியமர்த்தினேன். விடியுமுன் நீராடி, திருமண் இட்டுக்கொண்டு, அவ்வறைக்குள் சென்று பாசுரம் பாடிப் பெருமாளை எழுப்புவது என் நித்திய கடமை. அதன்பொருட்டு அக்கதவு தாழிடப்படுவதே இல்லை.

மகனுக்கு இரண்டு மணி நேரப் பேருந்துத் தொலைவிலுள்ள ஸ்ரீசிட்டியில் தொழிற்சாலை வேலை. மருமகளுக்குத் திருப்பதியிலேயே ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. மணமாகி இரண்டாம் ஆண்டில், ஒருநாள் உணவின்போது மகன் சொன்னான்:

“நைனா, தெனம் பஸ்ல போய் வந்துகினு இருந்தா ஒடம்பு தாங்கல. அங்கியே ஃப்ரெண்ட்ஸோட ரூம்ல ரெண்டு மாசத்துல ஒரு எடம் காலியாவுது, எடுத்துக்கறேன். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை வரேன்.”

மருமகள் தோசையிலிருந்து கண்ணெடுக்காமல், “சரி, போயிட்டு வாங்க” என்றாள்.

என் இல்லாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். பிரிவு என்ற சொல்லைக் கேட்டதுமே வளை கழன்று விழும் தலைவியரைப் பாடி வளர்ந்த எனக்கும் அந்தச் ‘சரி’ உறைத்தது. சண்டையிட்டுப் பிரிந்தால் சேர்த்து வைக்கலாம். ஏக்கமே இல்லாமல் பிரிகிறவர்களை என்ன செய்வது?

பூங்காவில் நண்பரொருவரிடம் சொன்னேன். “எங்க வீட்லயும் அதே கதைதான், சாமி. ஒரே கட்டிலு, ஆளுக்கொரு செல்லு” என்றார். உண்மைதான். விடியலில் நான் காண்பதும் முதுகோடு முதுகாக உறங்கும் இருவரையும், தலைமாட்டில் இரு செல்பேசிகளையுமே.

மறுநாள் கூடத்தில் துளசி ஆய்ந்துகொண்டிருந்தேன். சமையலறையில் என் இல்லாள் கேட்பது காதில் விழுந்தது.

“ரெண்டு பேருக்கும் சண்டையாம்மா?”

“சண்டையெல்லாம் இல்ல, அத்தை. பாசமாத்தான் கீறாரு. ஆனா அந்த ரூம்ல எப்படி அத்தை? கண்ணத் தொறந்தா பெருமாள் பாத்துகினு கீறாரு. தாழ்ப்பாள் போடக்கூடாது. விடிகாலைல மாமா வந்துடுவாரு. மொதல்ல கூச்சமா இருந்துச்சு. அப்புறம் தள்ளிப் படுக்கறதே பழகிடுச்சு. இப்போ ரெண்டு பேருக்கும் அந்த நெனப்பே வரல.”

என் இல்லாளின் சிரிப்பு வெடித்தது.

“அவுரு பாடறது இன்னா பாட்டு தெரியுமா? ஒருத்தி புருஷனை நெனச்சுத் தூக்கமில்லாம ஏங்கற பாட்டு! பக்கத்துலயே ரெண்டு பேரு கொறட்ட விட்டுகினு கீறாங்க!”

மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். கூடத்தில் எனக்கும் அடக்க முடியவில்லை; துளசி மடியிலிருந்து சிதறியது. திருமலையிலே இரவில் பெருமாளுக்கே ஏகாந்தம் உண்டு. நடை சாத்திய பின் எவரும் உள்ளே போவதில்லை. என் வீட்டில் அவனுக்கும் ஏகாந்தமில்லை, பிள்ளைகளுக்கும் இல்லை.

அன்று மாலையே பெருமாளைக் கூடத்தின் கிழக்குச் சுவருக்கு எழுந்தருளச் செய்தோம்.

“வாஸ்து இன்னா ஆவறது, நைனா?” என்றான் மகன்.

“வாஸ்துவ நாங்க பாத்துக்கறோம். நீ போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியா விழுதான்னு பாருடா!” என்றாள் அவன் தாய். அவன் காது சிவந்தது.

உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. அலுப்பும் செல்பேசியும் அவ்வறைக்குள்ளேயேதான் இருந்தன. ஆயினும் சில வாரங்களில் மூடிய கதவுக்குள்ளிருந்து சிரிப்பொலி கேட்கத் தொடங்கியது. ஒரு காலை கம்பெனிப் பேருந்து அவனை விட்டுவிட்டுப் போனது. மருமகளும் வேலைக்குத் தாமதமானாள். இருவரும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு படியிறங்கினர்.

அடுத்த ஞாயிறன்று, தங்கள் அறைக்கு எப்போது குடிவருகிறான் என்று கேட்டு ஸ்ரீசிட்டி நண்பர் அழைத்தார். மகன் குளித்துக்கொண்டிருந்தான். அவன் செல்பேசியை மருமகளே எடுத்தாள்.

“அவுரு வரமாட்டாரு, அண்ணா. வேற ஆளப் பாத்துக்குங்க.”

இதைப் படிப்போர் இல்லந்தோறும் அன்பும் நகைப்பும் பெருகுக. பெருமாளும் பிராட்டியும் போலப் பிரியாது வாழ்க. அலர்மேல்மங்கைத் தாயார் அனைவரையும் காத்தருள்க.