கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மாவின் கையெழுத்து

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாசியோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வரும் உறவினர்களுக்குக் கொடுக்க அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அம்மாவின் வாழ்க்கையை உள்ளபடி சொல்வதானால், பத்தொன்பது ஆண்டுகள் அவர் பயந்து பயந்து மறைத்ததையும் சொல்லியாக வேண்டும்.

அம்மா பிறந்தது வாழப்பாடிக்குக் கிழக்கே ஒரு குடியானவர் வீட்டில். பதினைந்தாவது வயதில் திருச்செங்கோட்டுப் பக்கம் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். அப்பா பண்ணையத்தோடு நாட்டு வைத்தியமும் பார்த்தவர். ஊர் ஊராகப் போய் வைத்தியச் சுவடிகளைச் சேர்த்தவர். அம்மாவுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. பெரியப்பா, பெரியம்மா, நாங்கள் எல்லோரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு.

எனக்கு முன் பிறந்த அக்கா மூன்று வயதில் பெரியம்மை கண்டு இறந்தாள். அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்தால் எங்கள் வீட்டுக் குழந்தைகளைச் சோளக்காட்டில் ஒளித்துவிடுவார்கள். குத்திக்கொண்டால் மாரியம்மன் கோபிப்பாள் என்பது பெரியப்பாவின் எண்ணம். அவர் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுசொல் கிடையாது.

எனக்கு இரண்டு வயதானபோது அம்மா என்னைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே யாருக்கும் தெரியாமல் அம்மை குத்த வைத்தார். கையில் குத்தினால் தழும்பு தெரியும் என்று தொடையில் குத்தச் சொன்னாராம். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியாமல் ஒரு நோட்டில் எழுதி, துணிப்பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டார்.

நாலு வருஷம் கழித்து ஊரில் மறுபடியும் அம்மை வந்தது. பெரியப்பாவின் மகள் செல்லாத்தாளுக்கும் எனக்கும் ஒரே வயது; ஒரே பாயில் படுத்து எழுந்தவர்கள். அவள் ஒன்பதாம் நாள் போய்விட்டாள். எனக்கு ஒரு முத்துகூடப் போடவில்லை. "உன்னையாச்சும் ஆத்தா உட்டு வெச்சாளே சாமி" என்று பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அம்மா நிலைப்படியைத் தாண்டி உள்ளே வர முடியாமல் நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. செல்லாத்தாளையும் கூட்டிப் போயிருக்கலாமே என்று அன்றிரவு நோட்டில் எழுதியிருக்கிறார். அம்மை குத்தியதும் நோட்டில் எழுதியதும் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை.

எனக்குப் பதின்மூன்று வயதில் அப்பா காலமானார். அவருடைய சுவடிப்பெட்டியை இனி யார் திறக்கப்போகிறார்கள் என்று அம்மா நோட்டை அதற்குள் மாற்றி வைத்தார். மறு மாதம் அவர் வாழப்பாடி போயிருந்த நேரத்தில், சென்னையிலிருந்து பல்கலைக்கழகச் சுவடிக்கூடத்தார் வந்து கேட்க, பெரியப்பா பெட்டியோடு கொடுத்துவிட்டார். திரும்பி வந்த அம்மா வெறும் மூலையைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதன்பின் தபால்காரரின் குரல் கேட்டாலே அவர் முகம் வெளிறும். சோறு இறங்காது. புருஷன் போன துக்கம் என்று எல்லோரும் நினைத்தோம்.

ஒன்றரை வருஷம் கழித்துச் சுவடிக்கூடத்தாரிடமிருந்து அந்தக் கடிதம் வந்தது. தங்களிடம் சேர்ந்த தனியார் கடிதங்களையும் கையெழுத்துச் சுவடிகளையும் சேலத்தில் கண்காட்சியாக வைப்பதாகவும், குடும்பத்தார் அவசியம் வரவேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

"தம்பி பேரு சேலத்துல நிக்குது. எல்லாருமே போலாம்" என்றார் பெரியப்பா.

"எனக்கு ஒடம்பு செரியில்லீங்க மாமா" என்றார் அம்மா.

"நீ வராம எப்படி அம்மிணி?"

பஸ்ஸில் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தவர் சேலம் வரை விடவில்லை. விரல் பதிந்து கை சிவந்துவிட்டது.

பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். பெரியப்பா அப்பாவின் ஏடுகளுக்கு முன் நின்று, போவோர் வருவோரிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தார். எழுத்தறியாத பெரியம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கடைசிப் பெட்டிக்கு வந்தார். அதற்குள் ஒரு நோட்டு விரித்து வைக்கப்பட்டிருந்தது. 'குடியானவர் வீட்டுப் பெண் ஒருவரின் குறிப்பு' என்று சீட்டு எழுதியிருந்தார்கள்.

"இதுல என்ன சாமி எழுதியிருக்குது? படி."

அம்மாவின் கையெழுத்து. முதல் வரியிலேயே செல்லாத்தாளின் பெயர். இரண்டாம் வரியில் என் தொடைத் தழும்பு. திரும்பிப் பார்த்தேன். அம்மா தூணைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மருந்துக் குறிப்புங்க பெரியம்மா" என்றேன்.

"இத்தன நேரம் பாக்கறே?"

அதற்குள் பெரியப்பா வந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு முறை படித்தார். விரலைக் கண்ணாடிமேல் வைத்து மறுபடியும் படித்தார். என் வாழ்நாளில் அப்படி நான் பயந்ததில்லை.

"ஆமா. மருந்துக் குறிப்புத்தான்" என்றார்.

பெரியம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, சுவடிக்கூடத்து ஐயாவிடம் போய், "அந்த நோட்டுல வேற பக்கம் திருப்பி வெய்யுங்க. இது ஊட்டுச் சமாசாரம்" என்றார். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் பெட்டியைத் திறந்து திருப்பி வைத்தார். பிறகு பெரியப்பா தூணருகே வந்தார். அம்மா தலை நிமிரவில்லை.

"நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன் அம்மிணி. ஒன்னையும் ஊட்ட உட்டுத் தொரத்தியிருப்பேன். அவகிட்ட மட்டும் சொல்லீராத. தாங்க மாட்டா."

அடுத்த முறை அம்மை குத்துகிறவர் வந்தபோது, பெரியப்பாவே அவரைக் களத்துக்கு அழைத்து வந்து உட்காரவைத்தார். அம்மா வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைத் தூக்கி வந்தார். தம் இறுதிக் காலம் வரை அதை விடவில்லை. ஆனால் பெரியம்மாவைக் கண்டால் வரும் பயமும் அவரை விடவில்லை.

காய்ச்சலில் கிடந்த கடைசி வாரத்தில் அம்மா என்னிடம், "உங்க பெரியப்பாவும் போயிட்டாரு. நான் போன பொறகு அக்காகிட்ட சொல்லிப்போடு" என்றார். பெரியம்மாவை அவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒரு வருஷமாக எனக்கு வாய் வரவில்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன், சென்ற வாரம், பெரியப்பாவுக்குப் பிறகு தாய்வீட்டோடு இருக்கும் பெரியம்மாவைத் தேடிப் போய், அவர் முன் உட்கார்ந்து இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெகுநேரம் காத்திருந்துவிட்டு ஊர் திரும்பினேன்.

பெயர் தெரியாத அந்த அம்மை குத்தியவருக்கும், பக்கத்தைத் திருப்பி வைத்த சுவடிக்கூடத்து ஐயாவுக்கும், நோயில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும், காகிதத் தட்டுப்பாட்டிலும் இதை அச்சிட்டுத் தர முன்வந்த அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நேற்று பெரியம்மாவிடமிருந்து ஆள் வந்தது. எழுதியதில் ஒரு வரியையும் எடுக்க வேண்டாமாம். திதிக்கு முதல் நாளே வந்துவிடுவாராம். தங்கச்சிக்குப் படையல் சோறு தாமே ஆக்குவாராம், வேறு யாரும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாதாம்.