அண்ணியின் நாலு சக்கர அடுப்படி

போன ஞாயிற்றுக்கிழமை அஸ்தினாபுரத்திலிருந்து ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் இன்ச் டேப். அவரும் யாத்திரை வேன் ஓட்டுகிறவராம். எங்கள் வேனின் பின்கதவைத் திறந்து, உள்ளே இருந்த சமையலறையை மேலும் கீழும் பார்த்துவிட்டு அண்ணனிடம் கேட்டார்.

"சூப்பரா கீது சார். எந்தப் பட்டறையில டிசைன் பண்ணாங்க?"

அண்ணன் கட்டை விரலால் கிணற்றடியைக் காட்டினார். அங்கே அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவர் சிரித்தார். ஜோக் என்று நினைத்துவிட்டார் போல!

ஜோக் இல்லை. சொல்கிறேன்...

சேலையூரில் நாங்கள் நெல் போட்ட இடத்தில் இப்போது காலனி இருக்கிறது. நிலத்தை விற்ற அண்ணன் ஒரு பழைய வேனை வாங்கினார். காலனியில் ரிட்டயர் ஆனவர்கள் நிறைய. கோயில் குளம் போக ஆசை. ஹோட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஆகாது. அண்ணன் யோசித்தார். வேனிலேயே சமையலறை வைத்தால் என்ன? முன்னால் சீட்டுகள், படுக்க மடக்குப் பலகை, பின்னால் அடுப்படி. சமையலுக்கு அண்ணி.

அதுவரை அண்ணி போன தூரம் எவ்வளவு தெரியுமா? பிறந்த ஊரப்பாக்கத்திலிருந்து புகுந்த சேலையூர். அவ்வளவுதான்!

அடுப்பை எங்கே வைப்பது? அண்ணனுக்கு அதில் சந்தேகமே இல்லை. அக்னி மூலை... அதாவது தென்கிழக்கு. வேன் அன்றைக்கு வாசலில் வடக்குப் பார்த்து நின்றது. ஆகவே, பின்பக்கம் வலது ஓரம். வைத்து, முடுக்கி, கற்பூரமும் காட்டியாகிவிட்டது.

வீடு ஒரே இடத்தில் நிற்கும். வேன் நிற்குமா?

அதற்கும் அண்ணன் வழி வைத்திருந்தார். சமைக்க நிறுத்தும் இடத்திலெல்லாம் வெயிலைப் பார்ப்பார். அடுப்பு தென்கிழக்குக்கு வரும் வரை முன்னே, பின்னே, ரிவர்ஸ் என்று வண்டியைத் திருப்புவார். பயணிகள் பசியோடு உட்கார்ந்து, "சார், இன்னும் கொஞ்சம் லெஃப்ட்" என்று உதவி செய்வார்கள்!

உள்ளே நிற்க இடம் கிடையாது. வலது பக்கத் தகரத்தை மேலே தூக்கி, அண்ணி ரோட்டில் நின்றுதான் சமைக்க வேண்டும். முதுகை உரசிக்கொண்டு லாரிகள் போகும்.

மதுராந்தகம் தாண்டி ஒரு நாள் அப்படிப் போன லாரியின் ஹாரனில் அண்ணி திடுக்கிட்டுத் திரும்ப, கை பட்டு, கொதித்த சாம்பார் மொத்தமும் அவர் காலில்!

அண்ணன் பயந்துபோனார். வீட்டுக்கு வந்ததும் முடிவாகச் சொன்னார்.

"அடுப்பும் வேணா, ஒண்ணும் வேணா. அங்கங்க ஓட்டல்ல சொல்லிக்கலாம். நீ வூட்லயே இரு."

எல்லோரும் நல்ல முடிவு என்றோம். அண்ணி மட்டும் அழுதார். காலுக்கு மருந்து போடப் போன என்னிடம் சொன்னார்.

"எரிச்சலுக்கு அழுவல பாப்பா. ராமேஸ்வரத்துல கடலு பாத்தேன். அடுத்து குத்தாலம் போறாங்க. அடுப்ப எடுத்துட்டா, அந்த வண்டில நான் எதுக்கு?"



கால் ஆறியதும் அண்ணி ஒரு காரியம் செய்தார். கோலமாவை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். வேனின் பின்பகுதியைக் கயிற்றால் அளந்து, அதே அளவில் தரையில் கட்டம் போட்டார். கட்டத்துக்குள் பம்ப் ஸ்டவ், பாத்திரம், தண்ணீர் கேன். ஒரு வாரம் வீட்டுச் சமையல் அங்கேதான்! கோட்டைத் தாண்டிக் கை நீட்டமாட்டார். முழங்கை இடித்தால் டப்பாவை நகர்த்துவார். ஒரே பொருளுக்காக இரண்டு தடவை திரும்ப நேர்ந்தால், மறுநாள் அந்தப் பொருள் இடம் மாறியிருக்கும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். முதல் டிகிரியும் நான்தான். பெருமைதான்... மறைப்பானேன்? அண்ணி சொல்லச் சொல்ல, ஸ்கேல் வைத்துப் பிளான் போட்டேன். அண்ணி யோசித்ததைப் பட்டறைக்காரர் படிக்கும்படி ஆக்கியது என் பென்சில்!

என்ன ஒரு பிளான்! தட்டுகள் படுக்காமல் செங்குத்தாகச் செருகி நிற்கும். காய் நறுக்கும் பலகை டிராயர் மாதிரி உள்ளே போய்விடும். பாத்திரம் நகராமல் அடுப்பைச் சுற்றிக் கம்பி. மசாலா டப்பாக்களுக்குக் குறுக்கே ஒரு சட்டம். எல்லாவற்றையும் விட முக்கியம் — அடுப்பு இடது பக்கக் கதவோரம். அண்ணி உள்ளேயே நிற்கலாம். லாரி எல்லாம் அந்தப் பக்கம்.

அண்ணன் பிளானைப் பார்த்ததும் கேட்டார்.

"லெஃப்ட்லயா? அக்னி மூலை இன்னா ஆவறது?"

"நீங்க வண்டியத் திருப்பினா மூலையும்தான திரும்புது? அக்னி பகவான் நம்ம வண்டி பின்னாடி ஓடி ஓடிக் களைச்சிருப்பாரு. பாவம், ஒரே எடத்துல குந்தட்டுமே!" என்றார் அண்ணி.

அண்ணனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேன் மறுநாளே பட்டறைக்குப் போனது.

குற்றாலம் டிரிப்பில் ஒரு சொட்டு ரசம் சிந்தவில்லை. காலனிக்காரர்கள் அண்ணியைப் புகழ்ந்து தள்ளினார்கள். அண்ணனுக்கும் மனைவி மேல் பாசம் பொங்கிவிட்டது.

"அதான் எல்லாம் செட் ஆயிடுச்சே. இனிமே சமையலுக்கு ஒரு ஆளப் போட்டுக்கலாம். நீ வூட்ல ரெஸ்ட் எடு."

"சரிங்க" என்று அண்ணி பாத்திரம் தேய்க்கப் போனார்.

குரோம்பேட்டையிலிருந்து ஒரு சமையல்காரர் வந்தார். நல்ல உயரம். முதல் டிரிப்பாகத் திருப்பதி போய்வந்தவர், வேனிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"இன்னா சார், மேடை இம்மாம் தாழ கீது? குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே பூட்ச்சு. நம்மளால ஆவாது. ஆள வுடு!"

அண்ணன் பட்டறைக்காரரைக் கூப்பிட்டு, மேடையை உயர்த்தச் சொன்னார். அவர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். உயர்த்தினால் மேலே உள்ள அலமாரி இடிக்குமாம். அலமாரியை ஏற்றலாம் என்றால் கூரை. மொத்தத்தையும் பிரிக்க வேண்டுமாம்.

பிளான் போட்ட எனக்கே அப்போதுதான் உறைத்தது. நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னை விட ஒரு சாண் குள்ளம் அவர்.

"எனக்கு என் அளவுதானங்க தெரியும்?" என்றார் அண்ணனிடம், ரொம்ப அப்பாவியாக.

இதை நீங்கள் படிக்கும்போது அண்ணி மைசூரில் இருப்பார்!