பூஜையில் வைத்துவிட்ட நோட்டு

சரஸ்வதி பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் காலைவரை எங்கள் வீட்டில் யாரும் தொட மாட்டோம். போன வருடம் மகள் மேசையிலிருந்த தடி நோட்டையும், அவளைக் கேட்காமல், சந்தனம் குங்குமம் இட்டு அடுக்கிவிட்டேன்.

ஸ்பானிஷ் இலக்கணத்தையும் ஆங்கில இலக்கணத்தையும் ஒப்பிட்டு அவள் எழுதிய குறிப்பெல்லாம் அதில்தான் இருந்தது. அன்று மாலையே ஸ்பெயினிலிருந்து ஒரு பேராசிரியை வீடியோவில் கேள்வி கேட்டு, மேற்படிப்புக்கு இடம் உண்டா இல்லையா என்று சொல்வதாக ஏற்பாடு.

"இன்னாம்மா இப்படிப் பண்ணிட்ட? இன்னும் அரை மணி நேரந்தான் இருக்கு."

"தாயே, மன்னிச்சிடு" என்று சரஸ்வதி படத்தைக் கும்பிட்டு நோட்டை எடுக்கப் போனேன். அவள் தடுத்தாள்.

"வேணாம்மா, பூஜையில வெச்சது இருக்கட்டும். உன்கிட்ட சொல்லிப் பாக்குறேன், கேளு."

"எனக்கு இன்னாடி தெரியும்? நான் எட்டாவது."

"ஸ்பானிஷ்ல நம்மள மாதிரி 'வந்தேன்'னா போதும், யாருன்னு தெரிஞ்சிடும். இங்கிலீஷ்ல 'நான்'னு சேத்தே ஆகணும். எது ஒசத்தின்னு இல்ல. பேசுறவங்களுக்கு எது என்ன வேலை செய்யுதுன்னு பாக்குறதுதான் என் படிப்பு."

"இதுக்கா சோறு தண்ணி இல்லாம கெடந்த?"

சிரித்துவிட்டாள். பேராசிரியையிடம் நோட்டில்லாமலே பேசினாள். நான் கதவுக்கு வெளியே வேண்டிக்கொண்டு நின்றேன்.

"இடம் குடுத்துட்டாங்கம்மா" என்று அவள் வந்து கட்டிக்கொண்டபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

சரஸ்வதிதான் காப்பாற்றினாள். ஆனால் இரண்டு வருடமாக மகள் என்ன படிக்கிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த நோட்டு பூஜையில் மாட்டிக்கொண்டதால்தான் அவள் சொல்லக் கேட்டேன்.