பழைய பிக்கப்புக்கு ஏசி பூட்டினோம்: மில்லிக்கன் – பிறம்ரன், மூன்று பயணங்கள்

அம்மா 401 நெடுஞ்சாலையில் மயங்கியதால்தான் இந்தப் பயணங்கள் நடந்தன. 1995 ஜூலை, ஒரு வியாழக்கிழமை பின்னேரம். பிறம்ரனில் வேலை முடித்த அம்மாவை அப்பா பிக்கப்பில் மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவரும்போது, வாகனங்கள் நகராமல் நின்றுவிட்டன. எங்கள் பிக்கப் 1984ஆம் ஆண்டினது. ஏசி இல்லாமலே செய்யப்பட்டது. அம்மாவுக்கு ஏழாம் மாதம். கதவில் சாய்ந்தவர், அப்பா கூப்பிட்டும் பதில் சொல்லவில்லையாம்.

"இனி வேலைக்குப் போகவேண்டாம்," என்றார் அப்பா.

"இன்னும் ஆறு கிழமை செய்தால்தான் பிள்ளைப்பேற்றுக் காசு வரும். இடையில விட்டால் ஒண்டும் இல்லை. பஸ்ஸில ரெண்டே முக்கால் மணித்தியாலம். என்ன செய்யச் சொல்லுறியள்?"

அப்பா அன்ரன் அங்கிளுக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கிள் மன்னார்க் கத்தோலிக்கர், இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். வாகனம் திருத்துபவர், ஏசிக்குக் காஸ் நிரப்பும் அனுமதி அட்டையும் வைத்திருப்பவர்.

சனிக்கிழமை காலை 8:00 மணிக்குப் புறப்பட்டோம். அப்பாவுக்கும் அங்கிளுக்கும் நடுவில் நான். என் மடியில் நூலகத்தில் எடுத்த வாகனத் திருத்தப் புத்தகம். பிறம்ரனில் உள்ள பழைய வாகன யார்ட்டுக்கு 48 கிலோமீற்றர், 50 நிமிடம். உடைந்த வாகனங்களில் வேண்டியதை நாமே கழற்றிக்கொள்ளலாம். நுழைவு ஆளுக்கு ஒரு டொலர். சப்பாத்து கட்டாயம், செருப்போடு வந்த அப்பாவைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். பின்பக்கம் நசுங்கிய அதே மாதிரிப் பிக்கப் ஒன்று ஏசியோடு கிடந்தது. கொம்பிறசர், கொன்டென்சர், டாஷ்போர்ட்டுக்குள் இருக்கும் குளிர்ப்பெட்டி, குழாய்கள் எல்லாம் கழற்ற மூன்றரை மணித்தியாலமும் 150 டொலரும் போயின. ட்ரையர் என்ற சிறிய கறுப்பு உருளையை மட்டும் பக்கத்துக் கடையில் 36 டொலருக்குப் புதிதாக வாங்கினார் அங்கிள். அது எதற்கென்று நான் கேட்கவில்லை. புத்தகத்தில் இருக்கும் என்று நினைத்தேன்.

வீட்டு வாசலில் அம்மா நின்றார்.

"அந்த வாகனத்தில இருந்த ஆள் தப்பினதோ?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

"அப்ப மஞ்சள் தண்ணியால கழுவாமல் ஒண்டையும் பூட்டேலாது. வயித்துப் பிள்ளையோட நான் இருக்கிற வாகனம்."

அம்மாவால் குனிய முடியாது. நான் கழுவினேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. பாரமான கொம்பிறசரைத் துடைத்தேன். குழாய்களுக்குள் தண்ணீர் ஊற்றினேன். கறுப்பு உருளையின் இரண்டு மூடிகளையும் கழற்றி, உள்ளே நிரப்பிக் குலுக்கி ஊற்றிவிட்டு, திரும்ப மூடியும் வைத்தேன்.

ஞாயிறு பின்னேரம் எல்லாம் பூட்டி முடிந்து, ட்ரையர் மட்டும் மிச்சம். அங்கிள் மூடியைத் திறந்தார். கையில் மஞ்சளாக வழிந்தது.

"இதென்னடாப்பா, ரசமோ?"

"நான்தான் அங்கிள். மஞ்சள் தண்ணியால கழுவினனான்."

அவர் என்னைப் பார்த்தார். "நாங்களும் தீர்த்தம் தெளிக்கிறனாங்கள்தான் பிள்ளை. ஆனால் வெளியால."

ட்ரையருக்குள் இருக்கும் மணிகள் ஏசிக்குள் சேரும் ஈரத்தை உறிஞ்சுவதற்கானவை. அவை என் தண்ணீரைக் குடித்து இனி உதவாமல் போய்விட்டன. குழாய்களையும் அவர் திரும்பக் கழற்றிக் காற்றடித்துக் காயவைக்க வேண்டியிருந்தது. ட்ரையரின் மூடிகளைக் கடைசி நிமிடம் வரை திறக்கக்கூடாது என்று புத்தகத்தின் 212ஆம் பக்கத்தில் இருக்கிறது. குளிரூட்டலின் வரலாற்றை ரசித்து வாசித்த நான் 190ஆம் பக்கத்தில் நின்றிருந்தேன். புது ட்ரையர் வாங்க அன்றைக்குக் கடையும் பூட்டு.

திங்கட்கிழமை அம்மா வழமைபோல வேலைக்குப் போனார். பகல் 2:00 மணிக்கு அப்பாவும் நானும் ஐஸ் பெட்டியும் நான்கு துவாய்களுமாகப் பிறம்ரனுக்குப் போய், புது ட்ரையர் வாங்கிக்கொண்டு, 3:30க்கு அம்மாவை ஏற்றினோம். நெடுஞ்சாலையில் கீல் வீதிக்கும் டஃப்ரின் வீதிக்கும் இடையில் இரண்டு கிலோமீற்றரைக் கடக்க 35 நிமிடம். ட்ரையர் என் மடியில். ஒரு கையால் அதைப் பிடித்தபடி மறுகையால் அம்மாவின் கழுத்தில் ஈரத்துவாயை வைத்தேன். அவர் கண்ணை மூடும்போதெல்லாம் "அம்மா?" என்றேன்.

ஐந்தாவது தடவை, "நான் மயங்கேல்லையடி. கொஞ்சம் கண்மூட விடு," என்றார். பிறகு, "கழுவச் சொன்னது நான்தானே. ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கிறாய்?" சிறிது நேரம் கழித்து, "உள்ளுக்குக் கழுவச் சொல்லேல்லத்தான்."

அன்று பின்னேரம் ட்ரையரின் வெளிப்பக்கத்தில் அம்மா விரலால் மஞ்சள் பொட்டு ஒன்று வைத்தார். "உது காணும், இதுக்கு மேல வேண்டாம்," என்றார் அங்கிள். பூட்டி, உள்ளிருந்த காற்றையும் ஈரத்தையும் பம்பால் இழுத்து, காஸ் நிரப்ப இரவு 8:30 ஆயிற்று. கூலி வாங்கவில்லை, காஸுக்கு மட்டும் 60 டொலர்.

உங்கள் பழைய பிக்கப்புக்கும் ஏசி பூட்ட நினைத்தால், அதே மாதிரி வாகனமாகத் தேடுங்கள். காஸை அனுமதி உள்ளவரிடமே நிரப்புங்கள். ட்ரையர் புதிதாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையை நம்பாதீர்கள். மஞ்சள் தண்ணீர் தெளிப்பதை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அம்மா பயமில்லாமல் ஏறியதற்கு அந்தப் பொட்டும் ஒரு காரணம். ஆனால் ஒருவருக்காக ஒன்றைக் கவனமாகச் செய்கிறோம் என்றால், அது என்ன பொருள் என்று முதலில் கேளுங்கள். நான் கவனமாகத்தான் செய்தேன், கேட்காமல் செய்தேன்.

செவ்வாய்க்கிழமையும் அம்மாவை ஏற்ற அப்பாவோடு கூடப் போனேன். அதே இடத்தில் வாகனங்கள் நின்றன. வெளியே 33 பாகை. கண்ணாடிகளை ஏற்றியிருந்தோம்.

"குளிருதப்பா, கொஞ்சம் குறையுங்கோ," என்றார் அம்மா.

அப்பா குறைத்தார். அம்மா கதவில் சாய்ந்து கண்ணை மூடினார். இந்த முறை நான் கூப்பிட்டுப் பார்க்கவில்லை.