பனியில் புதைந்த புகைக்குழாய்: பலெர்மோவிலிருந்து பியானோ பத்தாலியாவுக்கு

இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோ நகரில் குளிர்காலம் என்றால் மழையும் ஈரக்காற்றும்தான். பனி பார்க்க பியானோ பத்தாலியா மலைக்கு ஏற வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில், டிசம்பர் மாதம் நத்தாருக்கு மறுநாள், எனக்கும் அண்ணனுக்கும் ஒன்றாக லீவு கிடைத்தது. நான் லிபெர்த்தா தெருவில் ஒரு சின்யோராவின், அதாவது இத்தாலிய அம்மா ஒருவரின், வீட்டில் வேலை செய்தேன். அண்ணன் உணவகச் சமையலறையில். அவர் பழைய கார் ஒன்று வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அண்ணனின் மனைவி ரெஜினா மச்சாளுக்கு அப்போது நாலாம் மாதம். பிள்ளை பிறந்தால் பிறகு எங்கே போவது என்று சொல்லி எங்களை வெளிக்கிட வைத்ததே அவதான்.

நாங்கள் இருந்த கபோ பகுதியிலிருந்து காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். மொத்தம் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மணித்தியாலம் என்பார்கள். குளிர்காலத்தில் மூன்று வைத்துக்கொள்ளுங்கள். புவோன்ஃபொர்னெல்லோ வரை இடப்பக்கம் கடல். பிறகு கொல்லெசானோ ஊர். அதற்கு மேலே வளைவுகள்தான். கொல்லெசானோவில் நாங்கள் கோப்பி குடித்த கடையின் முதலாளி சில்லுகளுக்குச் சங்கிலி இருக்கிறதா என்று கேட்டார். மத்தியானத்துக்குப் பிறகுதான் பனி தள்ளும் வண்டி மேலே போகும் என்றும் சொன்னார். சங்கிலி இல்லை, பனியைத் தொடுகிற இடம் வரைக்கும்தான் போகிறோம் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

தொட்டோம். ஆனால் தொட்ட இடத்தில் நிற்க மனம் வந்தால்தானே! இன்னும் ஒரு வளைவு, இன்னும் ஒரு வளைவு என்று ஏறினோம். திடீரென்று பனி கொட்டத் தொடங்கியது. காரைத் திருப்பப் பார்த்தபோது அது பின்னால் வழுக்கி, ஓரத்துப் பனிமேட்டில் குத்தி நின்றது. சில்லு சும்மா சுற்றியது. வேறு வாகனம் எதுவும் இல்லை.

பனி தள்ளும் வண்டி வரும்வரை உள்ளே இருப்போம் என்றார் அண்ணன். எஞ்சின் ஓடியது, ஹீட்டர் போட்டோம், கண்ணாடிகளை இறுக மூடினோம். கொண்டுபோன இடியப்பத்தைச் சாப்பிட்டோம். கொஞ்ச நேரத்தில் மச்சாள் தலையிடிக்குது, வயிற்றைப் பிரட்டுது என்றா. அவவுக்கு அது வழமைதானே என்று நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. அவ கண்ணாடியில் சாய்ந்து நித்திரையாகிவிட்டா.

பிறகு எனக்கும் நெற்றிக்குள் இடிக்கத் தொடங்கியது. அண்ணனைக் கேட்டேன். தனக்கும்தான் என்றார். எனக்கு வயிற்றில் பிள்ளை இல்லையே, அண்ணனுக்கு எப்படி வரும் என்று யோசித்தபோதுதான் சின்யோராவின் ஞாபகம் வந்தது. குளியலறைக் காஸ் ஹீட்டரைப் போட்டால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை, அது எரிந்து வரும் காற்று மணமில்லாமல் கொல்லும் என்று அவ அடிக்கடி சொல்வா.

"அண்ணா, எஞ்சினை நிப்பாட்டுங்கோ."

"குளிர் தாங்கேலாது பிள்ளை."

"மூண்டு பேருக்கும் தலையிடிக்குது. நிப்பாட்டுங்கோ."

சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து இறங்கினேன். கால் தள்ளாடியது. காரின் பின்புறம் போய்ப் பார்த்தால் புகைக்குழாயைக் காணவில்லை. அது முழுக்கப் பனிக்குள் புதைந்திருந்தது. புகை வெளியே போக வழியில்லாமல் காருக்குள் வந்திருக்கிறது. அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டு மச்சாளைக் கூப்பிட்டார். அவ எழும்பவில்லை. இரண்டு பேருமாக வெளியே இழுத்து, எங்கள் கோட்டுகளால் போர்த்தி, கொட்டுகிற பனியில் இருத்தினோம். அண்ணன் அவவின் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பேர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் செபம் சொல்லத் தொடங்கினேன். பாதியில் வரி மறந்துபோனது. பிறகு மச்சாள் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தா.

"குளிருது," என்றா.

இடியப்பச் சட்டியின் மூடியால் குழாயைச் சுற்றித் தோண்டினோம். மூன்று மணியளவில் வந்த பனி வண்டிக்காரர் கயிறு கட்டி எங்களை இழுத்துவிட்டார். நேராகக் கீழே கடலோரத்தில் இருக்கும் செஃபாலு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மச்சாளுக்கு ஒட்சிசன் கொடுத்து ஒரு நாள் வைத்திருந்தார்கள். பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்ட பிறகுதான் அண்ணன் அழுதார். வைகாசியில் மகள் பிறந்தாள்.

நீங்களும் போங்கள், அழகான இடம். சங்கிலி, சிறு மண்வெட்டி, கம்பளி, தண்ணீர் எடுத்துப் போங்கள். பனி கொட்டினால் திரும்பிவிடுங்கள். மாட்டிக்கொண்டால் முதலில் புகைக்குழாயைத் துப்புரவாக்குங்கள். எஞ்சினை இடையிடையே மட்டும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஓடவிடுங்கள். பனி கொட்டக் கொட்டக் குழாயையும் பார்த்துக்கொள்ளுங்கள். குளிருக்கு இன்னொரு உடுப்புப் போடலாம். ஆனால் காருக்குள் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடித்தால், யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காமல் கதவைத் திறவுங்கள்.